நாஸ் சேமிப்பகத்தை விரிவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் திருமணப் படப்பிடிப்பு ஸ்டூடியோக்களுக்கும் ஆடிட்டர் அலுவலகங்களுக்கும் நாஸ் (பல டிஸ்க்குகள் கொண்ட, நெட்வொர்க்கில் எல்லோரும் பகிரும் சேமிப்புப் பெட்டி) அமைத்துக் கொடுத்துப் பராமரிப்பது என் தொழில். இந்தத் தொழிலின் தொடக்க காலத்தில் எல்லோரும் செய்த அதே பிழைகளைப் புதிதாக நாஸ் வாங்குபவர்கள் இன்றும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கிறேன். கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. இடம் போதாமல் கொள்ளளவைக் கூட்ட முற்படும் நேரத்தில் நடப்பவற்றை மட்டும் எழுதுகிறேன்.

நன்றாக ஓடும் டிஸ்க்கை, மற்றவற்றைச் சோதிக்காமல் கழற்றுவது

வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் நான்கு ஸ்லாட் கொண்ட நாஸ் இருந்தது. நான்கிலும் 4 டெராபைட் டிஸ்க், ரெய்டு 5 அமைப்பு (ஒரு டிஸ்க் போனாலும் மற்றவற்றிலிருந்து டேட்டாவைத் திரும்பப் பெறும் முறை), பயன்படுத்தக் கிடைப்பது 12 டெராபைட். தை மாத முகூர்த்தங்கள் நெருங்கியதால் நான்கு 8 டெராபைட் டிஸ்க்குகளை வாங்கிவந்து, ஒவ்வொன்றாக மாற்றினால் போதும் என்று கேள்விப்பட்டதை நம்பி, முதல் ஸ்லாட்டில் இருந்ததை உருவிவிட்டுப் புதியதைச் செருகினார்கள். ரீபில்டு, அதாவது மற்ற டிஸ்க்குகளைப் படித்துப் புதியதில் டேட்டாவை மறுபடி எழுதும் வேலை, பாதிக்கு மேல் போனபிறகு மூன்றாவது ஸ்லாட்டின் விளக்கு ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது; நாஸ் விடாமல் பீப் ஒலி எழுப்பியது; வால்யூம் (நான்கும் சேர்ந்த சேமிப்பிடம்) செயலிழந்தது. எனக்குத் தொலைபேசியில் வந்த முதல் வாக்கியம், “புது டிஸ்க்தான் சார் கோளாறு, மாத்தித் தரச் சொல்லணும்” என்பதுதான். புதிய டிஸ்க்கில் எந்தக் கோளாறும் இல்லை.

ரெய்டு 5 ஒரு டிஸ்க்கின் இழப்பை மட்டுமே தாங்கும். கொள்ளளவைக் கூட்டுவதற்காக நல்ல டிஸ்க் ஒன்றை உருவும் அந்த நொடியிலேயே அந்தப் பாதுகாப்பை நாமே செலவழித்துவிடுகிறோம். அதன்பின் ரீபில்டு முடியும்வரை மீதமுள்ள மூன்றும் முதல் செக்டரிலிருந்து (செக்டர் என்பது டிஸ்க்கில் டேட்டா பதியும் சிறு பகுதி) கடைசி செக்டர்வரை பிழையின்றிப் படிக்கப்பட வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஒரு திருமணத்தின் காட்சிகளை அதன்பின் யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். அவை இருக்கும் இடத்தில் ஒரு செக்டர் கெட்டுப்போயிருந்தாலும் அது வெளியில் தெரியாது. டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் 197ஆம் எண்ணில் வரும் நிலுவை செக்டர் கணக்கும், டிஸ்க் அந்த இடத்தைப் படிக்க முயன்று தோற்ற பிறகுதான் ஏறும். ஆகவே ரிப்போர்ட்டில் பூஜ்யம் இருப்பதைப் பார்த்து டிஸ்க் முழுவதும் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வது தவறு. அந்த ஸ்டூடியோவில் மூன்றாவது டிஸ்க்குக்கு நேர்ந்தது இதுவே.

இத்தோடு நின்றிருந்தால்கூடப் பெரும்பகுதியை மீட்டிருக்கலாம். முதலில் கழற்றிய டிஸ்க் முழுமையாக இருந்தது. ரீபில்டு ஓடிய நேரத்தில் நாஸில் புதிதாக எதையும் எழுதாமல் இருந்திருந்தால், அதை வைத்தே டிஸ்க் அணியைத் திரும்பக் கட்டும் வாய்ப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் மறுநாள் முகூர்த்தத்துக்குக் காப்பி எடுக்க இடம் வேண்டும் என்று அந்த டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் மாட்டி, ஃபார்மேட் செய்யவா என்று அது கேட்டதற்குச் சம்மதம் கொடுத்து, அதன்மேல் புதிய கோப்புகளையும் எழுதிவிட்டிருந்தார்கள். டேட்டா மீட்பில் கிடைத்தது போக, சில குடும்பங்களின் திருமணக் காட்சிகள் கிடைக்கவே இல்லை. பத்து நிமிடப் பொறுமையில் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு என்பதால், இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

செய்ய வேண்டிய முறை இதுதான். முதலில் முழு பேக்கப்பை எடுத்து, அதிலிருந்து பழைய கோப்புகள் சிலவற்றைத் திறந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். கிகாபிட் நெட்வொர்க்கில் 12 டெராபைட்டை நகலெடுக்க, விநாடிக்கு 110 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால் சுமார் 30 மணி நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுக்க மனமில்லாதவர்கள் விரிவாக்கத்தைத் தொடங்கவே கூடாது. அடுத்து, எல்லா டிஸ்க்குகளிலும் விரிவான ஸ்மார்ட் சோதனையையும், பிறகு பூல் (டிஸ்க்குகள் சேர்ந்த தொகுப்பு) முழுவதற்கும் ஸ்க்ரப் என்ற சரிபார்ப்பையும் ஓட்ட வேண்டும். டிஸ்க்கின் மூலைமுடுக்குகளையெல்லாம் படிக்கவைத்து, ஒளிந்திருக்கும் பழுதை நான்கு டிஸ்க்கும் ஒன்றாக இருக்கும்போதே வெளிக்கொண்டுவருவதுதான் இவற்றின் நோக்கம். பழுது தெரிந்தால் அந்த டிஸ்க்கையே முதலில் மாற்ற வேண்டும். 4 டெராபைட்டுக்கான ரீபில்டு, விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில், வேறு வேலை எதுவும் இல்லாதபோதே ஏழரை மணி நேரம் பிடிக்கும். இடையில் எடிட்டிங்கும் நடந்தால் அது பெரிதும் நீளும். ஒன்று முடிந்து, நிலை சரியாக இருப்பதைத் திரையில் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். கழற்றிய ஒவ்வொரு டிஸ்க்கின் மீதும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஸ்லாட் எண்ணையும் தேதியையும் எழுதி, நான்கும் மாறி முடியும்வரை எந்தக் கணினியிலும் மாட்டாமல் வைத்திருக்க வேண்டும்.

இரண்டு டிஸ்க் மாற்றியும் இடம் கூடவில்லையே என்று பாதியில் பதறுபவர்களும் உண்டு. சாதாரண ரெய்டு 5இல் நான்கும் மாறிய பிறகுதான் கூடுதல் கொள்ளளவு கிடைக்கும். நாஸ் தயாரிப்பாளரான சினாலஜியின் எஸ்.எச்.ஆர். என்ற ரெய்டு முறையில் இரண்டு பெரிய டிஸ்க் வந்தாலே ஓரளவு கூடிவிடும். பணம் இடம் கொடுத்தால் இந்த மாற்று வேலையே வேண்டாம் என்பேன்: புதிய நாஸில் புதிய டிஸ்க்குகளைப் போட்டு எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டு, பழையதை பேக்கப்பாக வைத்துக்கொள்வதே எனக்குப் பிடித்த வழி.

விலையை மட்டும் பார்த்து எஸ்.எம்.ஆர். டிஸ்க் வாங்குவது

எஸ்.எம்.ஆர். டிஸ்க்கில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருப்பதால், ஓரிடத்தில் திருத்தி எழுத அண்டையில் உள்ளவற்றையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். தொடர்ந்து எழுதும் ரீபில்டு வேலையில் இதன் வேகம் சரிந்துவிடும். சில நேரங்களில் நாஸே அதைப் பழுதான டிஸ்க் என்று வெளியே தள்ளிவிடும். நாஸுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள் இந்த வகையைச் சேர்ந்தவை என்பது 2020 ஏப்ரலில்தான் வெளியில் வந்தது. அதன்பின் அந்த நிறுவனம், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சி.எம்.ஆர். டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனியே பிரித்தது. ஆகவே சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் விலை கேட்கும்போது ‘நாஸ் டிஸ்க்’ என்று பொதுவாகக் கேட்காமல் முழு மாடல் எண்ணைக் கேட்டு, தயாரிப்பாளரின் விவரத்தாளில் சி.எம்.ஆர். என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியில்லாமல் உறையில் வரும் டிஸ்க் என்றால், சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் இட்டு, இந்தியாவில் வாரண்டி உண்டா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இசட்.எஃப்.எஸ். பூலில் ஒற்றை டிஸ்க்கைச் சேர்ப்பது

ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறதே என்று ரெய்டு-இசட் (இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமையின் ரெய்டு வகை) பூலில் ‘ஆட்’ கட்டளையால் ஒரே ஒரு டிஸ்க்கைச் சேர்த்துவிட்டால், அது பாதுகாப்பே இல்லாத தனி உறுப்பாகப் பூலில் அமர்ந்துவிடும். அந்த ஒன்று செத்தால் பூல் முழுவதும் போய்விடும். பிறகு அதை வெளியே எடுக்கவும் வழியில்லை. கட்டளை முதலில் எச்சரித்து மறுக்கும். அந்த எச்சரிக்கையைக் கட்டாயப்படுத்தி மீறுபவர்களுக்குத்தான் இது நேர்கிறது. 2025 ஜனவரியில் வந்த ஓப்பன் இசட்.எஃப்.எஸ். 2.3 பதிப்பிலிருந்து, இருக்கும் ரெய்டு-இசட் தொகுதியையே ‘அட்டாச்’ கட்டளையால் ஒவ்வொரு டிஸ்க்காக அகலப்படுத்தலாம். பழைய கோப்புகள் மட்டும் திரும்ப எழுதப்படும்வரை டேட்டாவுக்கும் பாதுகாப்புத் தகவலுக்கும் இடையிலான பழைய விகிதத்திலேயே இடம் பிடித்திருக்கும்.

ரெய்டு இருக்கிறது என்று பேக்கப் எடுக்காமல் இருப்பது

ரெய்டு பேக்கப் ஆகாது.

விளிம்புவரை நிரப்புவது

80 சதவீதத்தைத் தாண்டும்போதே அடுத்த டிஸ்க்குக்குத் திட்டமிடுங்கள். கோப்புகளை அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால், பழைய ஸ்நாப்ஷாட்டுகள் (கோப்புகளின் முந்தைய நிலையை நாஸ் பதிந்துவைப்பவை) அவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

யூ.பி.எஸ்.ஸை மின்சாரத்துக்கு மட்டும் இணைப்பது

வீட்டு இன்வெர்ட்டர் இருப்பதால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் பேட்டரி தீரும் நேரம் எப்போது என்று இன்வெர்ட்டர் நாஸுக்குச் சொல்லாது. யூ.பி.எஸ்.ஸிலிருந்து யூ.எஸ்.பி. கேபிளை நாஸில் செருகி, மின்சாரம் போய்ச் சில நிமிடங்களில் தானாக முறைப்படி அணையும் அமைப்பையும் இயக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் விரிவாக்க வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

தரையில் வைப்பது

வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை போன்ற, மழையில் வெள்ளம் புகும் பகுதிகளில் தரைத்தள அறையில், மேசைக்கு அடியில் நாஸையும் அதன் பேக்கப் டிஸ்க்கையும் சேர்த்து வைக்காதீர்கள்.