பாம்புக் கற்றாழை வளர்ப்பு: தண்ணீர்ச் சொம்பைத் தள்ளி வையுங்கள்

கோவை, ஈரோடு நாற்றுப் பண்ணைகளில் 'ஸ்னேக் பிளான்ட்' என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் பாம்புக் கற்றாழை, மேற்கு ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலப் பகுதியைச் சேர்ந்தது. நமது கரட்டுக் காடுகளில் நார் எடுக்கப் பயன்பட்ட மருள் செடிக்கு நெருங்கிய உறவு. தடித்த இலைகளிலும் மண்ணுக்குள் ஓடும் கிழங்கிலும் நீரைச் சேமித்து, பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, பெரும்பாலும் இரவிலேயே கரியமில வாயுவை உள்வாங்குவதால், இரண்டு மூன்று வாரம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனாலும் இது தாங்கும். நான் வாங்கிய முதல் செடி, தினமும் காலையில் ஒரு சொம்பு ஊற்றியதால்தான் அடியழுகிப் போனது.

முதலில் தொட்டி. அடியில் துளையுள்ள மண்தொட்டியே நல்லது; கிழங்கைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும்.

இரண்டாவது மண்; பலர் தவறுவது இங்கேதான். பல்லடம், உடுமலை வட்டாரத்துக் கரிசல் மண் நீரை நாள்கணக்கில் பிடித்து வைத்திருக்கும் என்பதால், அதை அப்படியே நிரப்பக் கூடாது. பொள்ளாச்சிப் பக்கம் எளிதாகக் கிடைக்கும் தென்னை நார்த்தூளும் ஈரத்தை விடாது. சேர்ப்பதானால் உப்புப் போக அலசி, ஒரு கைப்பிடி மட்டும் சேருங்கள். செம்மண் இரண்டு பங்கு, பருவெட்டு மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் அரைப் பங்கு என்ற கலவையில் ஊற்றும் நீர் உடனே கீழே இறங்கிவிடும்.

மூன்றாவது இடம். ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், சன்னலுக்கு அருகே வெளிச்சம் படும்படி வையுங்கள். இருட்டு மூலையிலும் சாகாது, ஆனால் வளர்ச்சி நின்றுபோகும். வெளித்திண்ணையில் வைப்பவர்கள், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்று உயரமான செடியைத் தொட்டியோடு சாய்த்துவிடும் என்பதை நினைவில் கொள்ளவும். இலையில் நஞ்சு இருப்பதால், பூனையும் நாயும் கடிக்க எட்டாத இடமாகவும் இருக்க வேண்டும்.

நான்காவது தண்ணீர். ஓர் ஈர்க்குச்சியைத் தொட்டியின் பாதி ஆழத்துக்குச் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். மண் ஒட்டிக் கறுத்து வந்தால் ஊற்ற வேண்டாம். செருகியபடியே சுத்தமாக வந்தால், அடித்துளையில் வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். சித்திரை வெயிலில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறையும், மார்கழியில் மாதம் ஒருமுறையும் ஊற்றுவது என் வழக்கம். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மண்மேல் வெள்ளைப் படிவு தெரியும். அப்போது சிறுவாணித் தண்ணீரோ மழைநீரோ கொண்டு ஒருமுறை நன்றாக அலசி வடிய விடலாம்.

இலையின் அடி கொழகொழத்து, இழுத்தால் கையோடு வந்து நாற்றமடித்தால் கிழங்கு அழுகுகிறது என்று பொருள். செடியைப் பிடுங்கி, பழுப்பேறிய பகுதியை வெட்டி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, புது மண்ணில் நட்டு, ஒரு வாரம் தண்ணீர் காட்டாமல் விடுங்கள்.

பெருக்க விரும்பினால், பக்கத்தில் முளைத்த கன்றைக் கிழங்கோடு பிரித்து நடுவதே சிறந்தது. இலையை நான்கு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, அடிப்பக்கம் கீழிருக்க நட்டாலும் வேர் பிடிக்கும். ஆனால் மஞ்சள் ஓரமுள்ள வகையில், பல மாதம் காத்திருந்த பிறகு அப்படி வரும் கன்று வெறும் பச்சையாகவே இருக்கும்.