குண்டுவீச்சு விமானத்தின் பிற்கால வாழ்வைத் தேடும் முறை

இரண்டாம் உலகப் போரின்போது, அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அரக்கோணத்தில் விமானத்தளம் இயங்கியதால், வேலூர் வட்டாரத்துப் பழைய ஆல்பங்களில் குண்டுவீச்சு விமானத்தின் படம் அகப்படக்கூடும். போருக்குப் பின் அது என்ன ஆயிற்று என்று அறிய விரும்புவோர், மூக்குப் பகுதியில் தீட்டியிருக்கும் பெயரை நம்பாமல், எண்ணைப் பிடித்துக்கொண்டு செல்ல வேண்டும்.

முதலில் படத்தைத் துல்லியமாக ஸ்கேன் செய்து, வாலையும் அதையொட்டிய உடற்பகுதியையும் பெரிதாக்கிப் பாருங்கள். பிரிட்டிஷ் விமானமானால் இரண்டு ஆங்கில எழுத்துகளும் மூன்று இலக்கங்களும், அல்லது பழைய விமானங்களில் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும், வாலுக்கு முன்னால் இருக்கும். அமெரிக்க விமான எண் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களில் தொடங்கும்; வாலில் அவற்றுள் முதலாவதை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம் என்பதால், 444175 என்று தெரிந்தால் 44-44175 என்றே தேட வேண்டும்.

இந்த எண்ணுக்குரிய லிபரேட்டர் என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமே நல்ல பாடம். பிரிட்டிஷ் விமானப்படையில் அது கேஎச்304. போர் முடிந்து கான்பூரில் கைவிடப்பட்ட லிபரேட்டர்களை ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பழுதுபார்த்து மீட்டபோது, இந்திய விமானப்படையில் எச்இ877 ஆயிற்று. 1969-இல் அமெரிக்காவுக்குப் பறந்து சென்றபோது என்7866 என்ற சிவில் பதிவெண்ணைப் பெற்றது. இன்று அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஒரே விமானத்துக்கு நான்கு அடையாளங்கள் என்பதால், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியுடன் ஒரு தாளில் வரிசையாக எழுதி வையுங்கள்.

பெரும்பாலான தேடல்கள் உலைக்களத்தில்தான் முடியும். அரிசோனாவின் கிங்மேனில் மட்டும் சுமார் 5,500 விமானங்கள் உடைக்கக் குவிக்கப்பட்டன. தப்பியவை நில அளவைக்கும், சரக்குக்கும், காட்டுத் தீயணைப்புக்கும் போயின. பிரான்சின் தேசியப் புவியியல் நிறுவனம் பி-17 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களை வரைபடப் பணிக்குப் பயன்படுத்தியது. 1948 வரையிலான அமெரிக்கப் பதிவுகளில் என்எல் என்ற முன்னொட்டைக் கண்டால், அது வரையறுக்கப்பட்ட வகைச் சான்று பெற்றது, கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்ற உரிமையில்லாதது என்று கொள்ளலாம்.

அமெரிக்கச் சிவில் பதிவெண் கிடைத்தபின், அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் சிறு கட்டணம் செலுத்தி அந்த விமானத்தின் கோப்பைப் பெறலாம். அதிலுள்ள விற்பனைப் பத்திரங்கள் உரிமையாளர்களைக் காட்டும். பெரிய பழுதுபார்ப்புப் படிவங்களோ, குண்டு அறையில் தீயணைப்புக்கான நீர்த்தொட்டி எப்போது பொருத்தப்பட்டது என்பதுவரை சொல்லும்.