துருவேறி இறுகிய நட்டை உடைக்காமல் கழற்றுவது எப்படி?

பழைய மாருதி 800-க்கு அடியில் படுத்து சைலன்சர் பைப்பைக் கழற்ற முயன்றவர்களுக்குத் தெரியும், வேலையில் பாதி நேரம் அந்தச் சில நட்டுகளுக்கே போய்விடும். எஞ்சின் சூடு, சாலையிலிருந்து தெறிக்கும் தண்ணீர், பல வருடத் துரு எல்லாம் சேரும் இடம் அது. இரும்பு துருப்பிடித்தால் பருமன் கூடும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே மறைகளில் (திருகு வரிகளில்) இருந்த நூலளவு இடைவெளியையும் அந்தத் துரு அடைத்துவிடும். அதனால் முதலில் செய்ய வேண்டியது துருவை உடைப்பது. முறுக்குவது அதற்கு அப்புறம்தான்.

நான் பழகிய புதிதில் எஞ்சினோடு சைலன்சர் பைப் சேரும் மேனிபோல்டில் ஒரு ஸ்டட்டை (தலையில்லாத போல்ட்) இரண்டே நிமிடத்தில் முறித்தேன். அதை வெளியே எடுக்க இரண்டு நாள் ஆனது. கீழே உள்ள வரிசையை நான் இன்றுவரை மாற்றாததற்கு அதுதான் காரணம்.

1. வண்டியை நிறுத்துவது

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். இறுகிய நட்டை இழுக்கும்போது வண்டியே அசையும். சமதரையில் நிறுத்தி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வீல் நட்டுகளை மட்டும் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டு அப்புறம் தூக்குங்கள்.

2. சுத்தம், எண்ணெய், காத்திருப்பு

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மறையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். அந்த அழுக்கோடு நட்டு வெளியே வந்தால் பாதியில் மறுபடி இறுகும். பிறகு துரு தளர்த்தும் ஸ்பிரே அடியுங்கள். முந்தின நாள் சாயங்காலம் ஒருமுறை, காலையில் ஒருமுறை. அடித்த ஐந்தாவது நிமிடமே ஸ்பானரை எடுப்பவர்கள்தான் அதிகம் உடைக்கிறார்கள். இந்த வேலையில் பொறுமை என்பதும் ஒரு கருவிதான், அதை முழுசாகப் பயன்படுத்துங்கள்.

3. சரியான ஸ்பானர்

இறுகிய நட்டில் வாய் திறந்த ஸ்பானரைப் போடக்கூடாது. அது இரண்டு பக்கத்தை மட்டுமே பிடித்து முனையை மழுக்கிவிடும். ஆறு முனை சாக்கெட்தான் நல்லது, இல்லையென்றால் ரிங் ஸ்பானர்.

அளவும் முக்கியம். மாருதியில் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. பழைய பெட்ரோல் எஞ்சின் அம்பாசடரில் அங்குல அளவு நட்டுகள் வரும். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பானரும் பொருந்துவது போலத்தான் இருக்கும். ஆனால் அந்த 0.3 மி.மீ. ஆட்டம் போதும், இறுகிய நட்டின் முனைகள் உருண்டுவிடும். முக்கால் அங்குலம் 19.05 மி.மீ., கிட்டத்தட்ட 19-தான் என்பதால் அங்கே 19 ஸ்பானர் சரியாகப் பொருந்தும்.

4. தட்டுவது, முன்னும் பின்னும் ஆட்டுவது

நட்டின் பக்கவாட்டில் சுத்தியலால் சின்னச் சின்னதாகப் பத்துப் பதினைந்து தட்டு தட்டுங்கள். மறைக்குள் துரு விரிசல் விட்டால்தான் எண்ணெய் உள்ளே போகும்.

இப்போது கழற்றும் பக்கம் திருப்பாமல், முதலில் முறுக்கும் பக்கம் ஒரு துளி திருப்பிப் பாருங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தால் துரு விட்டுக்கொடுத்துவிட்டது. பிறகு கால் சுற்று கழற்றி, அதில் பாதி திரும்ப முறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றுங்கள். ஒரே மூச்சில் கழற்றினால் துருத்தூள் நடுவில் சிக்கி மறையே போய்விடும்.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் அடியில் படுத்திருக்கும்போது குழப்பம் வரும். நட்டை நேருக்கு நேர் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு இடப்பக்கம், அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் கழலும்.

5. நீளக் கம்பி

ஸ்பானர் கைப்பிடியில் பைப்பைச் செருகினால் பலம் கூடும். 20 செ.மீ. ஸ்பானரை 60 செ.மீ. ஆக்கினால் அதே கை மூன்று மடங்கு முறுக்கும். வீல் நட்டுக்கு இது சரி. ஆனால் மாருதியில் 12 ஸ்பானர் பிடிக்கும் போல்ட்டுகளின் தண்டு பெரும்பாலும் 8 மி.மீ.தான், அதில் பைப் போட்டால் முறிந்துவிடும். திருப்பும்போது இறுக்கம் குறையாமல் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள். போல்ட் முறுகிக்கொண்டிருக்கிறது.

6. சூடு

இதற்கும் அசையவில்லை என்றால் கேஸ் டார்ச். முதலில் எண்ணெயைத் துடையுங்கள். நட்டை மட்டும் சூடாக்குங்கள், போல்ட்டை அல்ல. நட்டு விரிந்தால்தான் பிடி தளரும். சூடாக இருக்கும்போதே மெழுகுவத்தியை மறையில் தொட்டால் உருகி உள்ளே இறங்கும்.

பெட்ரோல் டேங்க், பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர் பக்கத்தில் நெருப்பு வேண்டாம். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் கூடவே கூடாது. அதில் சில வகைகளில் உள்ள குளோரின் கரைப்பான் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும்.

7. கடைசி வழி

முனைகள் உருண்டுவிட்டால் நட்டை உளியால் பிளக்கலாம், நட் ஸ்பிளிட்டர் இருந்தால் இன்னும் சுலபம். ஸ்டட் முறிந்துவிட்டால் நீங்களே துளை போட வேண்டாம். துளை கோணலானால் எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டே கெட்டுவிடும். முறிந்த துண்டின் மேல் புது நட்டை வெல்டிங் வைத்துத் திருகி எடுக்கத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

திரும்பப் பூட்டும்போது சைலன்சர் பக்கத்துக்குப் புது நட்டு போட்டு, மறையில் சூடு தாங்கும் காப்பர் கிரீஸ் தடவுங்கள். வீல் நட்டுக்கு மட்டும் அது வேண்டாம். மேனுவலில் இருக்கும் முறுக்கு அளவு பொதுவாக உலர்ந்த மறைக்கானது. கிரீஸ் தடவி அதே அளவுக்கு முறுக்கினால் ஸ்டட் தேவைக்கு மேல் இழுபடும்.