பெய் எங்கே வரும், எங்கே வராது: ஆங்கிலச் செயப்பாட்டு வினையைச் சீனத்தில் எழுதுவது

திருகோணமலையில் சீனப் பயணிகளுக்குப் பலகையோ கையேடோ எழுத உட்கார்ந்தால் கையில் இருப்பது ஆங்கில மூலம். வரிக்கு வரி செயப்பாட்டு வினை. அகராதி அதற்கெல்லாம் ஒரே சொல்லைக் காட்டும்: பெய். எல்லா இடத்திலும் அதை ஒட்டினால் இலக்கணம் பிழைக்காவிட்டாலும், ஏதோ அசம்பாவிதம் நடந்துவிட்டது போலத் தொனிக்கும்.

ஆங்கில வரியை முதலில் பேச்சுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். கச்சேரிக் கடிதத் தமிழ் உதவாது. 'வீடு கட்டப்பட்டுவிட்டது' என்று ஆர் கதைக்கிறார்கள்? 'வீடு கட்டியாச்சு' என்போம். சீனரும் அப்படியே: ஃபாங்ஸ காய்ஹாவ் ல. வீடு, கட்டி முடித்தல், ஆச்சு. 'ரிக்கெற் வித்து முடிஞ்சுது' என்பது பியாவ் மாய்வான் ல. இரண்டிலும் பெய் இல்லை.

பெய் வரவேண்டிய இடத்தையும் தமிழே காட்டும். அடிபட்டான், மிதிபட்டுது, அகப்பட்டான் என்கிறோமே, அந்தப் 'படு'தான் பெய்யின் பழைய குணம்: பாதிப்பு. பேர்ஸ் களவு போனால் சியென்பாவ் பெய் தோ ல. வள்ளத்தை அலை கவிழ்த்தால்:

ச்சுவான் பெய் லாங் தா ஃபான் ல.

வள்ளம், பெய், அலை, அடி, கவிழ், ல. 'அடித்துக் கவிழ்த்தது' என்று நாம் அடுக்கும் அதே ஒழுங்கு. செய்தவர் பெய்க்குப் பின், வினைக்கு முன். செய்தவர் தெரியாவிட்டால் விட்டுவிடலாம். ஆனால் ஃபானையும் லவையும் வெட்டி 'தா'வோடு நிறுத்தினால் வாக்கியம் பாதியில் தொங்கும். மறுப்பில்லாத வாக்கியத்தில், விளைவோ லவோ பின்னால் வராத ஒற்றை அசை வினையைப் பெய் பொதுவாகத் தாங்காது. மறுப்புச் சொல்லும் 'நேற்று' போன்ற காலச் சொல்லும் பெய்க்கு முன்னே வரவேண்டும். 'களவு போகவில்லை' என்பது மெய் பெய் தோ. பெய் மெய் தோ பிழை, அடிக்கடி நடக்கும் பிழையும் இதுதான்.

பிரெட்றிக் கோட்டை பற்றிய ஒரே பத்தியில் இரண்டு வகையும் வரும். 1624இல் போர்த்துக்கேயரால் கட்டப்பட்டது, 1639இல் ஒல்லாந்தரால் கைப்பற்றப்பட்டது. கட்டியதில் கோட்டைக்குக் கேடில்லை. ஆர், எப்போது என்பதே செய்தி. அதற்கு ஷ… த என்ற சட்டகம்: ஷ புதாவ்யா ரென் 1624 நியென் ஜியென் த. பறிபோனதற்குப் பெய்: பெய் ஹலான் ரென் ஜான்லிங். ஜான்லிங் போன்ற ஈரசை வினை எழுத்து நடையில் ல இல்லாமலும் நிற்கும்.

புறாத்தீவுக்கு வேறு சொற்கள் வேண்டும். பவளப்பாறை சட்டத்தால் பாதுகாக்கப்படுகிறது என்பதற்கு 'ஷோ' (பெறு): ஷான்ஹு ஷோ ஃபாலு பாவ்ஹு. அந்தத் தீவின் தேசியப் பூங்காவை வனசீவராசிகள் திணைக்களம் நிர்வகிக்கிறது என்று பொறுப்பைச் சொல்ல 'யோ': யோ, திணைக்களத்தின் பெயர், குவான்லி.

கோணேசர் கோயில் வாசலில் 'பாதணிகள் கழற்றப்பட வேண்டும்' என்ற வரிக்குச் செயப்பாட்டு வினையே வேண்டாம். ச்சிங் துவோ ஷியே, தயவுசெய்து சப்பாத்தைக் கழற்றுங்கள். படமெடுக்கத் தடை என்றால் ஜின்ஜ பாய்ஜாவ். இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைப் பற்றி வரும் 'சொல்லப்படுகிறது' ஜூஷுவோ என்று வாக்கியத்தின் தலையில் ஏறிவிடும், நாம் கடைசியில் 'என்பார்கள்' போடுவதற்கு நேர் எதிராக.

பெய் இப்போது செய்தி நடையில் நடுநிலையாகவும் புழங்குகிறது. பெய் ச்செங்வெய் (என அழைக்கப்படுகிறது), பெய் ஷுவான்வெய் (ஆகத் தெரிவானார்) நிலைத்த தொடர்கள். அவற்றை அப்படியே எடுத்தாளலாம். சீனச் சொல்லின் தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், தமிழெழுத்தில் ஏறாது. ஆகவே வாயால் சொல்லுமுன் ஒலிப்பதிவைக் கேளுங்கள், பலகைக்கு அனுப்புமுன் சீன எழுத்தைச் சரிபாருங்கள்.