டி அண்ட் டி 2024: மலைமேல் மேசை போடுகிறவர்களுக்கு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்பது ஆளுக்கொரு கதாபாத்திரமாக, பகடை உருட்டி, மேசையில் உட்கார்ந்து கதை ஆடும் ஆட்டம். அதன் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது. அதைத் திருத்தி எழுதிய மூன்று புத்தகங்கள் 2024 செப்டம்பர், நவம்பர், 2025 பிப்ரவரி என்று வரிசையாக வந்துவிட்டன. ஆறாம் பதிப்பு என்று பெயர் வைக்கவில்லை, வம்பே அதில்தான். பார்க்கப் பழைய ஆட்டம் மாதிரியே இருப்பதால், பல வருடம் ஆடியவர் புத்தகத்தைத் திறக்காமல் ஞாபகத்திலிருந்தே தீர்ப்பு சொல்லிவிடுவார். புதிதாக வருபவர் படித்ததைச் செய்வார். தடுக்கி விழுவது பெரும்பாலும் பழைய கைதான்.

முதலில் காசு செலவழிக்காதீர்கள். எஸ்.ஆர்.டி 5.2.1 என்ற பெயரில் அடிப்படை விதிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவச பி.டி.எஃப் ஆகக் கிடைக்கின்றன. 12 கிளாஸும் (ஃபைட்டர், விஸார்டு போன்ற வகைகள்) உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சப்கிளாஸ் (உட்பிரிவு). இனம் 9, பேக்ரவுண்ட் (கதாபாத்திரத்தின் முந்தைய வாழ்க்கை) 4. ஒரு குழு சில மாதம் ஆட இது தாராளம். குன்னூரிலோ கோத்தகிரியிலோ சிக்னல் இருக்கும்போதே எல்லார் போனிலும் இறக்கிவிடுங்கள். எஸ்டேட் பக்கம் போனால் நெட்டை நம்ப முடியாது. மழைக்காலத்தில் கரண்டையும் நம்ப முடியாது.

300 பக்கங்களுக்கு மேல் இருப்பதை முழுசாக பிரிண்ட் எடுப்பது வீண். விளையாடும் முறை பற்றிய முதல் பகுதி, அவரவர் கிளாஸ் பக்கங்கள், ரூல்ஸ் குளோசரி, இவை போதும். குளோசரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பழைய புத்தகத்தில் அங்கங்கே சிதறிக் கிடந்த ஒளிவது, பிடிப்பது, மயங்குவது எல்லாம் இப்போது அகரவரிசையில் அங்கேதான் இருக்கின்றன. ஜூனுக்கு மேல் தாள் ஓதம் ஏறி நெளியும், ஜெல் பேனா மை ஊறும். கேரக்டர் ஷீட்டைப் பென்சிலில் எழுதுங்கள். ஏழு டைஸ் கொண்ட செட் நாலு பேருக்கு இரண்டு போதும். டி20 (இருபது முகப் பகடை) மட்டும் ஆளுக்கு ஒன்று வேண்டும்.

கேரக்டர் உருவாக்கும்போது வரும் முதல் குழப்பம் பேக்ரவுண்ட். எபிலிட்டி ஸ்கோர் (உடல்பலம் போன்ற திறன்களின் எண்) கூடுதல் இப்போது இனத்திலிருந்து வருவதில்லை, பேக்ரவுண்டிலிருந்து வருகிறது. அதோடு ஓர் ஆரிஜின் ஃபீட்டும் (தொடக்கத்திலேயே கிடைக்கும் சிறப்புத் திறன்) சேர்த்து. உதாரணமாக ஒரு ஃபைட்டர்: 15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களில் ஸ்ட்ரெங்த்துக்கு 15, டெக்ஸ்டெரிட்டிக்கு 14, கான்ஸ்டிடியூஷனுக்கு 13. சோல்ஜர் பேக்ரவுண்ட் எடுத்தால் ஸ்ட்ரெங்த் +2, கான்ஸ்டிடியூஷன் +1. ஆக 17, 14. உயிர்ப்புள்ளி 12. பழைய ஆள் இங்கே இனத்துக்கும் ஒரு +2 போட்டுக்கொள்வார். முதல் நாளே எல்லா ஷீட்டையும் கூட்டிப் பாருங்கள்.

அடுத்தது வெப்பன் மாஸ்டரி. ஃபைட்டர், பார்பேரியன், பாலடின், ரேஞ்சர், ரோக் ஆகியோருக்கு ஆயுதத்துக்கு ஒரு தனிக் குணம் கிடைக்கிறது. நல்ல மாற்றம்தான், ஆனால் ஆட்டத்தை மெதுவாக்குவதும் இதுவே. டாப்பிள் (எதிரியை விழத்தட்டும் குணம்) உள்ள ஆயுதம் படும்போதெல்லாம் எதிரி சேவிங் த்ரோ (தப்பிக்கும் உருட்டல்) உருட்ட வேண்டும். ஒரு சண்டையில் பத்து தடவை ஆட்டம் நிற்கும். முதல் சில ஆட்டங்களுக்கு கிரேஸ், வெக்ஸ், சாப் ஆகிய குணங்கள் போதும். கிரேட்ஸ்வோர்டில் இருப்பது கிரேஸ்: அடி தவறினாலும் ஸ்ட்ரெங்த் மாடிஃபையர் (ஸ்கோரிலிருந்து வரும் கூட்டல் எண்) அளவுக்கு, மேலே சொன்ன ஃபைட்டருக்கு 3, சேதம் விழும். உருட்ட எதுவுமில்லை.

பழைய ஞாபகம் கவிழ்க்கும் இடங்களை ஒரு தாளில் பெரிதாக எழுதி மேசை நடுவில் வையுங்கள். திடீர்த் தாக்குதலுக்கு ஆளானவர் முதல் டர்னை இழப்பதில்லை. இனிஷியேட்டிவைத்தான் (யார் முதலில் என்று முடிவு செய்யும் உருட்டல்) டிஸ்அட்வான்டேஜில் (இரண்டு டி20 உருட்டிச் சிறியதை எடுப்பது) உருட்டுகிறார். ஹீலிங் போஷன் குடிப்பதும், பக்கத்தில் இருப்பவருக்குப் புகட்டுவதும் போனஸ் ஆக்ஷன் (வழக்கமான செயலோடு கூடுதலாகச் செய்யும் சிறு செயல்). ஒரு டர்னில் ஒரு ஸ்பெல் ஸ்லாட்தான் (மந்திரம் போடச் செலவாகும் இருப்பு) செலவழிக்கலாம். பாலடினின் டிவைன் ஸ்மைட் இப்போது போனஸ் ஆக்ஷனில் போடும் ஸ்பெல், எனவே ஒரு டர்னில் ஒரு தடவைதான்; பாலடின் ஆடுகிறவர் முகம் தொங்கும், விட்டுக்கொடுக்காதீர்கள். களைப்பு ஒவ்வொரு படிக்கும் டி20 உருட்டலில் 2 குறைக்கும், வேகத்தில் 5 அடி குறைக்கும். ஆறாம் படியில் மரணம்.

முதல் சண்டைக்கு வெளியூர் அரக்கர்கள் எதற்கு? தேயிலைத் தோட்டத்தில் ஒரு கரடியும் இரண்டு செந்நாயும் போதும். கரடிக்கு பிளாக் பியர் (100 அனுபவப் புள்ளி), செந்நாய்க்கு ஓநாய் (தலைக்கு 50). மொத்தம் 200. முதல் லெவலில் எளிய சண்டைக்கு ஆளுக்கு 50 புள்ளி என்பது கணக்கு, நாலு பேருக்குச் சரியாக வரும். எதிரி எண்ணிக்கையை வைத்துப் பெருக்கும் பழைய கணக்கு இப்போது இல்லை. அதனாலேயே ஒரு ஆபத்து: நாலு ஓநாய் போட்டாலும் அதே 200தான், ஆனால் அது எளிய சண்டை இல்லை. புது ஓநாயின் கடி பட்டாலே ஆள் சேவ் இல்லாமல் விழுவார், விழுந்தவரை மற்றவை அட்வான்டேஜில் (இரண்டு டி20 உருட்டிப் பெரியதை எடுத்து) கடிக்கும். ஒரு கடி சராசரி 5. எட்டு உயிர்ப்புள்ளி உள்ள விஸார்டுக்கு இரண்டு கடி.

இங்கே நம் ஊர் மூடுபனி கைகொடுக்கும். அடர்ந்த மூடுபனியில் இரு தரப்புக்கும் கண் தெரியாது; அட்வான்டேஜும் டிஸ்அட்வான்டேஜும் எத்தனை இருந்தாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எல்லாரும் ஒற்றை டி20 உருட்டுவார்கள். கூட்டமாகக் கடிக்கும் பலம் போய்விடும். பார்க்க முடியாதவரை ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் (விலகி ஓடுபவர் மேல் போடும் அடி) செய்யவும் முடியாது, ஆகவே தப்பி ஓட வழி உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஆள் மேல் மட்டும் போடும் ஸ்பெல்கள் வேலை செய்யாது. விஸார்டிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குளிர் விதியை ஊட்டி உறைபனிக்கு இழுக்காதீர்கள். அது 0 பாரன்ஹீட்டில், அதாவது சுமார் −18 செல்சியஸில்தான் தொடங்குகிறது.

நடந்துகொண்டிருக்கும் பழைய கதையைப் பாதியில் மாற்றுவதானால் ஒரு சாகசம் முடிந்த இடத்தில், எல்லாரும் ஒரே நாளில் மாறுங்கள். பழைய இனத்தின் ஸ்கோர் கூடுதலை அழித்துவிட்டு, பேக்ரவுண்டுக்கு +2, +1 அல்லது மூன்று +1 கொடுத்து, ஓர் ஆரிஜின் ஃபீட் சேர்த்தால் போதும். ஒரே பெயரில் பழைய மிருகமும் புது மிருகமும் இருந்தால் புதியதை எடுங்கள். புதுக் குழுவானால் முதல் லெவலில் ஓரிரு ஆட்டம் ஆடிவிட்டு மூன்றுக்கு ஏறுங்கள். எல்லாக் கிளாஸுக்கும் சப்கிளாஸ் இப்போது அங்கேதான் திறக்கிறது. அதற்குப் பிறகும் ஆர்வம் இருந்தால் குழுவுக்கு ஒரு பிளேயர்ஸ் ஹேண்ட்புக் (மூன்றில் முதல் புத்தகம்) வாங்கலாம். மற்ற இரண்டும் ஆட்டத்தை நடத்தும் டிஎம் கேட்கும்போது.

கோவையிலிருந்து காரில் வரும் ஆட்டக்காரர் இருந்தால் இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் வந்தால் தேவையில்லை, ஆனால் கடைசி பஸ்ஸுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் புதுச் சண்டை எதையும் தொடங்காதீர்கள்.