நிலைப்படியில் நின்றுவிடும் கால்

செட்டிநாட்டு வீட்டில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை எத்தனை நிலைப்படி! ஐயாவுக்குப் பார்க்கின்சன் என்ற மூளை நோய் வந்த பிறகுதான் நாங்கள் எண்ணிப் பார்த்தோம். பட்டாலையில் நன்றாக நடந்து வருவார். நிலை வந்ததும் தரையில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். உடனே கையைப் பிடித்து இழுத்தோம். அதுதான் பெரிய தவறு. உடம்பு முன்னே வரும், கால் வராது. விழுவதற்கு வேறென்ன வேண்டும்?

கோளாறு காலில் இல்லை. நடுமூளையில் கருமையாகத் தெரியும் ஒரு பகுதியின் செல்கள் அழிய அழிய, அவை தரும் டோபமைன் என்ற ரசாயனம் குறைகிறது. யோசிக்காமல் நடக்கும் நடைக்கு அது வேண்டும். குறுகிய வாசல், திரும்பும் இடம், அவசரம் எல்லாம் சேர்ந்தால் அந்த நடை அறுந்துபோகும். ஆனால் பார்த்து, எண்ணி, வேண்டுமென்றே எடுத்து வைக்கும் அடிக்கு மூளையில் வேறு பாதை இருக்கிறது. சற்று நிற்க விடுங்கள். உடம்பை மெல்ல இடமும் வலமும் சாய்த்து, 'ஒண்ணு, ரெண்டு' சொல்லி அடியெடுக்கச் சொல்லுங்கள். எங்களுக்குத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் உதவியது. "அந்தக் கோட்டைத் தாண்டி வைங்க ஐயா" என்றால் கால் கிளம்பிவிடும். (அதே கல் ஈரமானால் வழுக்கும், ஜாக்கிரதை.) நடக்கையில் பேச்சுக் கொடுப்பதும் வேண்டாம்; இரண்டு வேலையை ஒன்றாகச் செய்ய அந்த மூளை திணறும்.

அப்புறம் மாத்திரை. டோபமைனை அப்படியே கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது என்பதால்தான், உள்ளே போய் டோபமைனாக மாறும் லெவோடோபா தருகிறார்கள். குடலிலிருந்து ரத்தத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் அது போகும் வழியில் புரதத்தின் அமினோ அமிலங்களும் போட்டிக்கு நிற்கும். கோழி வறுவலோடு சேர்த்து விழுங்கினால் வேலை செய்யத் தாமதமாகலாம். பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடச் சொல்வார்கள். அதற்காகக் கறியையும் பருப்பையும் நிறுத்திவிடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் லெவோடோபாவையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது.

பூனைக்காலி விதையிலும் லெவோடோபா உண்டு, உண்மைதான். அதற்காக மருத்துவரிடம் சொல்லாமல் பொடியாக்கிக் கொடுத்தால் அளவு எங்கே போய் நிற்கும்? கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு வாந்தி வந்தால் கடையில் மெட்டோகுளோபிரமைடு வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். அது டோபமைனைத் தடுக்கும் மருந்து. நடை இன்னும் மோசமாகும்.

நடை சரியாகவில்லை என்று நீங்களாகவே மாத்திரையைக் கூட்டாதீர்கள், திடீரென நிறுத்தவும் கூடாது. நடை தடுமாறுவதில் அசிடைல்கோலின் என்ற இன்னொரு ரசாயனத்தின் குறைவுக்கும் பங்குண்டு. அதனால் சிலருக்குக் கை நடுக்கம் அடங்கிய பின்னும் நிலைப்படியில் கால் நிற்கும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு நிலைக்கு முன்னாலும் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறோம். தேக்கு நிலைக்குப் பக்கத்தில் பார்க்கக் கொஞ்சம் அசிங்கம்தான். ஐயா ஒன்றும் சொல்லவில்லை.