ஏசி கேஸ் 'தீர்ந்து' போகாது

ஏசி சரியாகக் குளிரவில்லை என்றால் உடனே வாயில் வருவது, "கேஸ் தீர்ந்துபோச்சு போல." தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. அந்த கேஸ் எரிந்து தீரும் எரிபொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் பொருள். கசியாத வரை ஆண்டுக்கணக்கில் அளவு குறையாது.

அது வெப்பத்தைச் சுமக்கும் கூலியாள், அவ்வளவுதான். ஆர்-32 என்ற ஏசி கேஸ் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். உள் யூனிட்டில் அழுத்தம் குறைவு; அங்கே அறையின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்த, அது வெளிக்காற்றைவிடச் சூடேறி, வெளி யூனிட்டில் வெப்பத்தைக் கொட்டிவிட்டுத் திரவமாகிறது. அப்புறம் ஒரு குறுகிய வழியில் புகுந்து, அழுத்தம் விழுந்து, குளிர்ந்து மறுபடி உள்ளே வருகிறது. ஹீட் பம்ப் வகை ஏசியில் ஒரு வால்வு இந்த ஓட்டத்தைத் திருப்பிவிடும். அதே இயந்திரம் அறையைச் சூடாக்கும்.

ஆக, வருடா வருடம் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை. குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் கசிவு அங்கே இருக்கலாம். அதை அடைத்து, நைட்ரஜனை ஏற்றிச் சோதித்து, வேக்யூம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகுதான் கேஸ். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்ஸிஜனை ஏற்றவே கூடாது. கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். வேக்யூம் போட நேரமில்லை என்று சொல்லும் மெக்கானிக்கை நான் வேலை செய்ய விடமாட்டேன்.

உள் யூனிட்டின் காயிலில், அதாவது கேஸ் ஓடும் சுருள் குழாயில், பனி படிந்தாலும் பழி கேஸ் மேல்தான் விழுகிறது. கேஸ் குறைந்தாலும் பனி படியும், சரி. ஆனால் தூசி அடைத்த ஃபில்டரும் இதையே செய்யும். முதலில் அதைக் கழுவிப் பாருங்கள்.

ஒரு கேஸுக்கு இன்னொன்றைப் போடுவது இன்னும் மோசம். ஆர்-22 கேஸைவிட ஆர்-410ஏ கேஸ் ஏறக்குறைய 1.6 மடங்கு அழுத்தத்தில் ஓடுகிறது, எண்ணெயும் வேறு. ஆர்-290 என்பது புரொப்பேன், எளிதில் தீப்பற்றும். அதற்கென வடிவமைக்காத ஏசியில் போடுவது ஆபத்து.

அளவிலும் தாராளம் வேண்டாம். கேஸ் அதிகமானால் ஆவியாகாத திரவம் கம்ப்ரஸருக்குள் போய் அதை உடைக்கும். எத்தனை கிராம் என்பது யூனிட்டில் ஒட்டிய தகட்டிலேயே இருக்கிறது. தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும்.